உறங்காத காவலன்

"போன மாதத்தில் எத்தனை முறை வலிப்பு வந்தது?"

வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர் மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் கேட்கப்படும் கேள்வி இது. மருந்தின் அளவைக் கூட்டுவதா, குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்பதெல்லாம் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது. கேள்வி எளியதுதான், விடை சொல்வதுதான் எளிதன்று. வலிப்பு வரும்போது பலருக்கு நினைவு தப்பிவிடுகிறது. தமக்கு நேர்ந்ததைத் தாமே அறியாதவர் அதை எப்படி எண்ணிச் சொல்வார்?

ஜெர்மனியில் பான் நகர மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தங்கியிருந்த 91 நோயாளிகளை வீடியோ காமிராவாலும் மூளை மின்னலைக் கருவியாலும் இரவு பகலாகக் கண்காணித்தார்கள். ஒவ்வொரு முறை வலிப்பு வந்து நீங்கியதும் அதைக் குறித்து வைக்கும்படி நோயாளிகளிடமும் சொல்லியிருந்தார்கள். ஆய்வு முடிவு 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கருவிகள் பதிவு செய்த வலிப்புகள் 582. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, அதாவது சுமார் 55 சதவீதம், நோயாளிகளின் குறிப்பில் இல்லை! தூக்கத்தில் வந்தவற்றிலோ 86 சதவீதம் விடுபட்டுப் போயிருந்தன.

இதில் நோயாளிகளின் குற்றம் ஏதும் இல்லை. வலிப்பு வந்த சுவடே அவர்கள் நினைவில் பதியவில்லை. அப்படியானால் அவர்களுக்காக வேறு யாராவது விழித்திருந்து பார்க்க வேண்டும். தாயும் தந்தையும் எத்தனை இரவுகள்தாம் விழித்திருப்பார்கள்? இந்தக் காவல் வேலையைக் கருவிகளிடம் ஒப்படைக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் முயன்ற கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மூளையில் ஒரு மின்புயல்

காவலன் எதைக் காக்க வேண்டும் என்பதை முதலில் அறிந்து கொள்வோம்.

நம் மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை சிறு சிறு மின் துடிப்புகள் மூலம் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக் கொள்கின்றன. ஒரு சந்தையை நினைத்துக் கொள்ளுங்கள். அங்கே ஆயிரம் பேர் பேசுகிறார்கள். ஒருவர் கத்தரிக்காய்க்கு விலை கேட்கிறார். இன்னொருவர் சில்லறை கேட்கிறார். வெளியிலிருந்து கேட்டால் ஒரே இரைச்சல்தான். ஆயினும் உள்ளே வேலை ஒழுங்காக நடந்து கொண்டிருக்கிறது. திடீரென்று அந்த ஆயிரம் பேரும் பேச்சை விட்டுவிட்டு ஒரே தாளத்தில் கை தட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? ஓசை பெரிதாகும், சந்தை வேலை நின்று போகும். வலிப்பின்போது மூளையில் நடப்பது இதைப் போன்றதுதான். கணக்கற்ற நரம்பணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே சமயத்தில் மின் துடிப்புகளை வெளியிடுகின்றன.

இந்த மின்புயல் மூளை முழுவதும் பரவினால் ஆள் நினைவிழந்து விழுவார். உடல் முதலில் விறைக்கும். பிறகு கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். பெரும்பாலும் ஓரிரண்டு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். மூளையின் ஒரு பகுதியோடு புயல் நின்றுவிட்டால் ஒரு கை மட்டும் துடிக்கலாம். அல்லது சற்று நேரம் பேச்சு நின்று, வாயை மெல்லுவது போல அசைக்கலாம். சில சிறுவர்களுக்கு உடல் துடிப்பதே இல்லை. சில விநாடிகள் வெறித்துப் பார்ப்பார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். "பாடத்தைக் கவனிக்காமல் பராக்குப் பார்க்கிறான்" என்று ஆசிரியரிடம் திட்டு வாங்கும் சிறுவன் உண்மையில் வலிப்பு நோயாளியாக இருக்கக்கூடும்!

தலையில் பட்ட அடி, பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு போதாமை, மூளைக் காய்ச்சல், பக்கவாதம், மரபு வழிக் காரணங்கள் ஆகியவற்றால் இந்நோய் வரலாம். பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உணவோடும் நீரோடும் உடலுக்குள் புகுந்து, அவற்றின் இளம்புழுக்கள் மூளையில் கட்டிகளாகத் தங்குவதும் நம் நாட்டில் ஒரு முக்கிய காரணம். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. ஆனால் ஒன்று உறுதி: இது தொற்று நோயன்று, பேயோ சாபமோ அன்று. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் ஒன்று, சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே, இந்நோய் தெய்வக் குற்றத்தால் வருவதன்று, மூளையிலிருந்து வருவது என்று வாதாடியிருக்கிறது.

மின்னலைகளைப் படித்த கதை

மூளையில் மின்சாரம் உண்டு என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு கேட்டன் 1875-இல் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் கண்டறிந்தார். மனித மூளையின் மின்னலைகளை முதன் முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-இல் பதிவு செய்தவர், ஐந்து ஆண்டுகள் சரிபார்த்த பிறகே, 1929-இல், அதை வெளியிட்டார்.

அவர் ஏன் அவ்வளவு தயங்கினார் என்பது அந்த மின்னழுத்தத்தின் அளவைப் பார்த்தால் புரியும். உச்சந்தலைத் தோலில் கிடைப்பது சுமார் 50 மைக்ரோ வோல்ட். ஒரு மைக்ரோ வோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண டார்ச் விளக்கு மின்கலம் தருவது 1.5 வோல்ட். அதை 30,000 கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் 50 மைக்ரோ வோல்ட்!

1935-இல் அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் ஆகியோர் மேலே சொன்ன வெறித்துப் பார்க்கும் வலிப்பின்போது விநாடிக்கு 3 முறை வரும் ஒரு தனி அலை வடிவத்தைக் கண்டறிந்தார்கள். கண்ணால் பார்த்து ஐயுற்ற நோயைக் காகிதத்தில் வரைந்து காட்ட முடிந்தது. இ.இ.ஜி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் மூளை மின்னலைப் பதிவு அன்று முதல் வலிப்பு நோய் ஆய்வின் அடிப்படைக் கருவியாயிற்று.

ஆனால் ஒரு சங்கடம். மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கும் பதிவு அரை மணி நேரம் போன்ற குறுகிய நேரமே நடக்கும். வலிப்போ மாதம் ஒரு முறை வரலாம். ஊருக்கு மாதம் ஒரு தடவை எப்போதோ வந்து போகும் பேருந்தைப் பார்க்க, ஏதோ ஒரு நாள் சாலையில் அரை மணி நேரம் நின்றால் பார்த்துவிட முடியுமா?

ஆகவே பதிவுக் கருவி நோயாளியோடு கூடவே போக வேண்டும். மனித மூளையின் மின்னலைகளை வானொலி அலைகளின் மூலம் அனுப்பிய ஆய்வு 1949-லேயே வெளியாயிற்று. 1970-களில், இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒலிநாடாப் பதிவுக் கருவியில் நான்கு அலைகளை ஒரு நாள் முழுவதும் பதிவு செய்தார்கள். இன்று நாடாவின் இடத்தைச் சில்லுகள் பிடித்துக் கொண்டன.

இதில் எவ்வளவு செய்தி குவிகிறது என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலையில் 20 மின்வாய்கள். ஒவ்வொன்றையும் விநாடிக்கு 256 முறை அளக்கிறோம் என்று கொள்வோம். ஒரு விநாடிக்கு 5,120 அளவுகள். ஒரு நாளில் 86,400 விநாடிகள். பெருக்கினால் 44 கோடியே 23 லட்சத்து 68 ஆயிரம் எண்கள்! ஒரு நோயாளியின் ஒரு நாள் பதிவு இது. மேலும் தலையில் இருபது கம்பிகளை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கோ வேலைக்கோ நாள்தோறும் போக யாருக்கும் மனம் வராது.

மணிக்கட்டில் ஒரு காவலன்

ஆகவே விஞ்ஞானிகள் வேறொரு வழியில் சிந்தித்தார்கள். மூளையை நேரடியாகப் பார்க்காமல், மூளையின் புயல் உடலில் விட்டுச் செல்லும் தடயங்களைப் பார்த்தால் என்ன?

முதல் தடயம் அசைவு. பெரிய வலிப்பில் கை ஒழுங்கான தாளத்தில், விநாடிக்குச் சில முறை, துடிக்கிறது. செல்போனைப் படுக்கை வசமாகத் திருப்பினால் திரைப்படமும் திரும்புகிறதல்லவா? அதற்குக் காரணமான முடுக்கமானி என்ற சிறு சில்லு இந்தத் துடிப்பையும் அளந்துவிடும்.

இரண்டாவது தடயம் இதயத் துடிப்பு. வலிப்பின்போது அது திடீரென விரையும். கைப்பட்டையின் அடியிலுள்ள சிறு விளக்கு தோலில் ஒளியைப் பாய்ச்சும். இரத்தம் பாய்ந்து வரும் ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் ஒளி சற்றே மாறும். அதைக் கொண்டு நாடியை எண்ணலாம்.

மூன்றாவது தடயம்தான் யாரும் எதிர்பாராதது: வியர்வை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரோசலிண்ட் பிக்கார்டு என்ற பேராசிரியர், மனிதரின் உணர்ச்சிகளை அளப்பதற்காகத் தோலின் மின்கடத்தும் திறனைப் பதிவு செய்யும் கைப்பட்டைகளைச் செய்திருந்தார். மாணவர் ஒருவர், பேச முடியாத தம் தம்பியின் மனநிலையை அறிய விரும்பி, விடுமுறைக்கு வீடு சென்றபோது இரண்டு பட்டைகளைக் கொண்டு போனார். பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்த பிக்கார்டு திகைத்தார். ஒரு நாள் ஒரு கையில் மட்டும் மின்கடத்தும் திறன் மலைபோல் உயர்ந்திருந்தது. கருவி பழுதோ என்று முதலில் ஐயுற்றார். விசாரித்தபோது, அந்த நேரத்தையொட்டிச் சிறுவனுக்குப் பெரிய வலிப்பு வந்திருந்தது தெரிந்தது! மூளையின் புயல் பரிவு நரம்புகளைத் தூண்டுகிறது. அவை வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. ஈரமான தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. அசைவையும் தோலின் மின்கடத்தலையும் சேர்த்துப் பார்த்து வலிப்பைக் கண்டுபிடிக்கும் முறையை அவருடைய குழுவினர் 2012-இல் வெளியிட்டார்கள். இவ்வழியில் வந்த எம்ப்ரேஸ் என்னும் கைப்பட்டைக்கு 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது.

இக்கருவி வேலை செய்யும் விதம் எளியது. பட்டை தன் ஐயத்தை அருகிலுள்ள செல்போனுக்கு அனுப்புகிறது. செல்போன், முன்பே குறித்து வைத்த உறவினரை அழைக்கிறது. 44 கோடி எண்களை அனுப்பத் தேவையில்லை. "உடனே போய்ப் பாருங்கள்" என்ற ஒரே செய்தி போதும்.

பொய் மணியும் மெய் மணியும்

காவலன் நம்பகமானவன்தானா? நெதர்லாந்தில் காப்பகங்களில் வாழும் 28 பேரை வைத்து இரவு நேரச் சோதனை ஒன்று நடந்தது. முடிவு 2018-இல் வெளியாயிற்று. நாடியையும் அசைவையும் கவனிக்கும் மேற்கைப் பட்டை, கடுமையான வலிப்புகளில் நூற்றுக்கு 86 வீதம் கண்டுபிடித்தது. மெத்தையின் கீழே வைக்கும் பழைய வகை அதிர்வுக் கருவி கண்டுபிடித்தவை நூற்றுக்கு 21 மட்டுமே. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்தப் பட்டை எழுப்பிய எச்சரிக்கைகளில் ஏறத்தாழ பாதி பொய் மணிகள்.

பல் துலக்குவதும் கை தட்டுவதும்கூடத் தாளமான அசைவுகளே. ஆகவே பகலில் பொய் மணி ஒலிக்க வாய்ப்பு அதிகம். கருவியின் கூர்மையைக் குறைத்தால் பொய் மணி குறையும். ஆனால் உண்மையான வலிப்பு ஒன்று தப்பிப் போகலாம். கூர்மையைக் கூட்டினால் எதுவும் தப்பாது. ஆனால் ஓயாமல் மணி ஒலிக்கும். "புலி வருது" கதை உங்களுக்குத் தெரியும். பலமுறை ஏமாந்த தாய் ஒரு நாள் எழுந்து போகாமல் இருந்துவிட்டால்? இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் இத்துறைப் பொறியியலாரின் தலையாய சிக்கல்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உடல் துடிக்காத வெறித்த பார்வை வலிப்புகளை மணிக்கட்டுப் பட்டையால் கண்டுபிடிக்க இயலாது. அதற்கு மூளை மின்னலைதான் வேண்டும்.

பிறகு ஏன் இவ்வளவு பாடு? பெருவலிப்பு முடிந்தவுடன், மிக அரிதாக, மூச்சும் இதயமும் ஓய்ந்து உயிர் பிரிந்துவிடுகிறது. வலிப்பு நோயுள்ள பெரியவர்கள் 1000 பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இது நேர்கிறது. சிறுவர்களிடையே இன்னும் குறைவு. பெரும்பாலும் இரவில், அருகில் யாரும் இல்லாதபோதே இது நிகழ்கிறது. ஒருவர் ஓடி வந்து புரட்டிப் படுக்க வைப்பது உயிரைக் காக்கக்கூடும் என்பதால்தான், பாதி மணிகள் பொய்யானாலும் குடும்பங்கள் இக்கருவியை நாடுகின்றன.

வருமுன் அறிய முடியுமா?

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மார்க் குக் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 15 நோயாளிகளுக்கு மூளையின் மேற்பரப்பில் மின்வாய்களைப் பொருத்தினார்கள். பதிவுகள் கையடக்கக் கருவி ஒன்றுக்குக் கம்பியின்றி வந்து சேரும். சிவப்பு விளக்கு எரிந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். வெள்ளை என்றால் நடுத்தரம். நீலம் என்றால் குறைவு. 2013-இல் வெளியான இந்த ஆய்வு, சிலருக்கேனும் வலிப்பை முன்னறிவிக்க முடியும் என்று காட்டியது. கருவியைச் செய்த நிறுவனம் பின்னர் மூடப்பட்டதால் அது விற்பனைக்கு வரவில்லை.

மூளையில் பதித்த கருவிகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பதிவுகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டபோது மற்றொரு வியப்பு வெளிப்பட்டது. 37 பேரின் பதிவுகளில், பலருக்கு மூளையின் தவறான மின் துடிப்புகள் பல நாட்களுக்கு ஒருமுறை கடல் ஓதம்போல் ஏறி இறங்கின. ஓதம் ஏறும் நாட்களில் வலிப்பு வரும் வாய்ப்பும் மிகுதியாயிற்று. வானிலை அறிக்கை போல, "இந்த வாரம் கவனமாக இருங்கள்" என்று சொல்லும் காலம் வரலாம்.

மணி ஒலித்த பிறகு...

எந்தக் காவலனும் மணி அடிப்பதோடு சரி. ஓடி வருபவருக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் கருவியால் பயனில்லை. இதை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும்.

1. கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு தொடங்கிய நேரம் முக்கியம்.

2. கூர்மையான, கடினமான பொருள்களை அருகிலிருந்து அகற்றுங்கள். தலைக்கு அடியில் மடித்த துணி எதையாவது வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்.

3. துடிக்கும் கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

4. வாயில் எதையும் திணிக்காதீர்கள். கரண்டி, துணி, விரல் எதுவும் கூடாது. நாக்கை விழுங்கிவிடுவார்கள் என்பது தவறான எண்ணம். நினைவு முழுமையாகத் திரும்பும் வரை தண்ணீரும் கொடுக்கக் கூடாது.

5. துடிப்பு அடங்கத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியும். மூச்சு தடையின்றிப் போகும்.

6. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வலிப்பு வந்தாலும், முதல் தடவையாக வந்திருந்தாலும், காயம் பட்டிருந்தாலும், நீரில் நேர்ந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தமிழ்நாட்டில் எண் 108, இலங்கையில் 1990.

7. நினைவு திரும்பும் வரை கூடவே இருங்கள். கூட்டம் கூடவிடாதீர்கள்.

கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று நம் ஊர்களில் நம்புகிறார்கள். வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும் இயல்புடையது. அந்த நேரத்தில் சாவி கையில் இருந்தால் பெருமை சாவிக்குப் போய்விடுகிறது! சாவி தேடி ஓடும் நேரத்தில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கலாம்.

தொலைவில் மருத்துவர், அருகில் நாம்

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 80 பேர் வருவாய் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். தக்க சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 1912-இலிருந்து பயன்படும் பீனோபார்பிட்டாலும், 1938-இல் வந்த பீனிட்டாயினும் இன்றும் கைகொடுக்கின்றன. கர்நாடக மாநிலம் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் டாக்டர் கே.எஸ். மணியும் அவர் குழுவினரும் இந்த விலை குறைந்த மருந்துகளைக் கொண்டே நல்ல பலன் காண முடியும் என்று காட்டினார்கள். அவர்கள் ஆய்வு 2001-இல் வெளியாயிற்று.

மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. மருத்துவர் தொலைவில் இருப்பதும், ஒரு நாள் கூலியை இழந்து பயணம் செய்ய வேண்டியிருப்பதும் இதற்குக் காரணங்கள். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர், நோயாளிகளைத் தொலைபேசியிலேயே விசாரித்து ஆலோசனை சொல்லும் முறையைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். "மாத்திரை தவறியதா? தூக்கம் எப்படி? எத்தனை முறை வந்தது?" என்ற சில கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால் பயணம் மிச்சம். இதுவும் தொலைக் கண்காணிப்புதான். வீட்டார் செல்போனில் எடுத்த வீடியோகூட, வந்தது எந்த வகை வலிப்பு என்று மருத்துவர் முடிவு செய்யப் பெரிதும் உதவுகிறது.

இனி, எந்தக் கருவியும் தர முடியாத ஒன்று இருக்கிறது. வலிப்பு நோயுள்ளவர் ஓர் ஆண்டில் வலிப்போடு கழிக்கும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களோ மணிகளோதான். மற்ற நேரமெல்லாம் அவர் மற்றவர்களைப் போன்றவரே. ஆனால் பிறர் பார்வை அந்தச் சில நிமிடங்களிலேயே நின்றுவிடுகிறது. நம் நாட்டின் திருமணச் சட்டங்கள்கூட வலிப்பு நோயை மனநோயோடு சேர்த்தே வைத்திருந்தன. 1999-இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை நீக்க ஒரு திருத்தம் போதும். மனத்திலிருந்து நீக்க என்ன செய்வது?

உங்கள் வகுப்பில் வலிப்பு நோயுள்ள தோழர் இருந்தால் அவரை விளையாட்டில் சேர்த்துக் கொள்ளுங்கள். நீச்சலுக்குப் போனால், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். தேர்வுக்காக இரவெல்லாம் கண் விழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும். மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள். மேலே கண்ட ஏழு குறிப்புகளைப் பெரிதாக எழுதி, தலைமை ஆசிரியரின் அனுமதியோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மணிக்கட்டுப் பட்டை எல்லார் வீட்டிலும் இராது. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் எல்லார் வகுப்பிலும் இருக்கிறார்.